பெல்ட்டும் பத்து விரல்களும்

ஆண்டுதோறும் செப்டம்பர் 17ஆம் தேதி வாக்கில் ஹௌராவின் பட்டறைகளில் யந்திரங்கள் ஓய்வெடுத்துக்கொள்ளும். விசுவகர்மா பூஜை. நம் பக்கத்தில் ஆயுத பூஜையன்று சுத்தியலுக்கும் திருப்புளிக்கும் சந்தனம் குங்குமம் இட்டு வைப்பதுபோல, இங்கே லேத்துக்கும் டிரில்லுக்கும் சாமந்தி மாலை, ஜரிகைத் தாள் தோரணம். வானம் நிறையக் காற்றாடி. அதன்பின் சில நாட்களிலோ வாரங்களிலோ துர்கா பூஜை வந்துவிடும்; நான்கைந்து நாள் பட்டறைக் கதவே திறக்காது. விடுமுறை முடிந்து ஷட்டரைத் தூக்கியதும் முதலில் பொத்தானை அழுத்துவது பெரும்பாலும் புளோயருக்குத்தான். 'டாலாய்' என்று வங்காளிகள் சொல்லும் இரும்பு வார்ப்படப் பட்டறையானால் கியூபோலா உலைக்குக் காற்று ஊத வேண்டும். சாயப்பட்டறையானால் பாய்லர் புகையை இழுக்க வேண்டும். பாலிஷ் பட்டறையானால் தூசியை உறிஞ்ச வேண்டும். காற்று வந்த பிறகுதான் மற்ற வேலை.

நம் சங்க அன்பர்களில் சொந்தமாகச் சிறு பட்டறை நடத்துகிறவர்கள் உண்டு. பெரிய ஆலைகளில் மெயிண்டெனன்ஸ் பார்க்கிறவர்கள் உண்டு. பணி ஓய்வு பெற்றும் பழக்கம் விடாமல் நண்பர்களின் பட்டறைக்குப் போய் யோசனை சொல்கிறவர்களும் உண்டு. அவர்களை எண்ணியே இந்தக் கட்டுரை. இல்லத்தரசிகள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். ஊரில் உங்கள் வீட்டில் பழைய மாடல் வெட் கிரைண்டர் இருந்திருந்தால், மோட்டாரிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கறுப்பு பெல்ட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மாவு அரைக்கும்போது குழந்தையை அந்தப் பக்கம் அண்டவிடாமல் விரட்டியும் இருப்பீர்கள். விஷயம் அதேதான், அளவுதான் பெரியது.

ஓடிக்கொண்டிருக்கும் புளோயர் பொதுவாகச் சாது. மாதக்கணக்கில் மூலையில் முனகிக்கொண்டு கிடக்கும். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆபத்து அதிகம் வருவது இரண்டு நேரங்களில்: ஓய்வுக்குப் பிறகு ஓட்டத் தொடங்கும்போது, பெல்ட்டில் கை வைப்பதற்காக நிறுத்தியிருக்கும்போது. இரண்டாவதைச் சொன்னால் பலருக்கு வியப்பாக இருக்கிறது. நின்றுகொண்டிருக்கும் யந்திரம் என்ன செய்துவிடும் என்கிறார்கள். ஆகவே அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கரண்ட் போனால் வேலை

எழுபது, எண்பதுகளில் கொல்கத்தாவில் குடியிருந்தவர்களுக்கு 'லோட்ஷெடிங்' என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. மின்வெட்டு வந்தால் வீட்டில் அரிக்கேன் விளக்கு. பட்டறையில் பீடியும் அரட்டையும். ஆனால் கெட்டிக்கார மேஸ்திரிகள் அந்த நேரத்தை வீணாக்கமாட்டார்கள். 'எப்படியும் யந்திரம் நின்றுவிட்டது, அந்த பெல்ட்டை மாற்றிவிடலாம்' என்று ஆளை அனுப்புவார்கள். உற்பத்தி நேரம் மிச்சம்!

எண்பதுகளின் தொடக்கத்தில் அப்படி ஒரு பட்டறை. பெயர் வேண்டாம். நான் அடுத்த கொட்டகையில் ஒரு பம்பு வேலையாக இருந்தேன். புளோயர் பெல்ட் இரண்டு நாளாகக் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. பகலில் மின்சாரம் போனதும் பீகார் சாப்ரா ஜில்லாவிலிருந்து வந்த ஒரு கலாசியைக் கூப்பிட்டு மாற்றச் சொன்னார்கள். அங்கிருந்த ஸ்டார்ட்டர் பழையது. மின்சாரம் போனால் கைப்பிடியைத் தானே விடுவிக்கும் அமைப்பு அதில் உண்டு. ஆனால் அடிக்கடி விழுந்து தொல்லை தருகிறதென்று யாரோ ஒரு புண்ணியவான் கைப்பிடியைக் கம்பியால் கட்டி வைத்திருந்தார். வழக்கமாக ஒரு மணி நேரம் ஆகும் மின்சாரம் அன்று நாற்பது நிமிடத்தில் வந்தது. அந்த ஆளின் வலது கை புல்லிக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் இருந்தது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. வயது இருபத்திரண்டோ இருபத்துமூன்றோ. பிறகு அதே பட்டறையில் வாசற்கதவு திறந்து மூடும் வேலை கொடுத்தார்கள். நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள். ஆனாலும் அவன் கற்றுக்கொண்டிருந்தது வார்ப்பு அச்சு கட்டும் தொழில்.

இன்று அந்த நாட்களின் லோட்ஷெடிங் இல்லை. அதனால் ஆபத்து போய்விட்டதா என்றால், வேறு உருவத்தில் வந்திருக்கிறது. மின்சாரம் போனால் சில விநாடிகளில் தானாகவே கிளம்பும் ஜெனரேட்டர் இருக்கிறது. அழுத்தத்தையோ வெப்பத்தையோ பார்த்துத் தானே புளோயரை ஓட்டும் கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கிறது. மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் பெட்டியில், மின்சாரம் திரும்பியதும் தானே ஓடும்படி அமைத்து வைக்கும் வசதியும் இருக்கிறது. அந்த டிரைவை அணைத்த பிறகும் உள்ளேயிருக்கும் கெபாசிட்டர்களில் சில நிமிடங்கள் மின்சாரம் தங்கியிருக்கும். எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று பெட்டியின் மேலேயே அச்சிட்டிருப்பார்கள், படிப்பவர்கள் குறைவு.

சங்கத்துக்கு வரும் இளைஞர் ஒருவர் என்னிடம், "அண்ணா, ஸ்டாப் பட்டனை அழுத்திவிட்டால் போதாதா?" என்று கேட்டார். போதாது தம்பி. ஸ்டாப் பொத்தானை நீங்கள் அழுத்திவிட்டுப் போனால், ஸ்டார்ட் பொத்தானை இன்னொருவர் அழுத்தலாம். செய்ய வேண்டியது இது: மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். அணைத்த நிலையில் அதற்கு ஒரு பூட்டுப் போட வேண்டும். சாவி, பெல்ட்டில் கை வைக்கப் போகிறவரின் சட்டைப் பையில் இருக்க வேண்டும். மேஜை டிராயரில் அல்ல, மேஸ்திரியிடமும் அல்ல. இரண்டு பேர் வேலை செய்தால் இரண்டு பூட்டு. பழைய மெயின் பெட்டியில் பூட்டு மாட்ட இடமில்லையென்றால் ஃபியூஸ் கட்டைகள் மூன்றையும் உருவிக் கையோடு எடுத்துச் செல்லலாம். அதோடு இடம் வைத்த சுவிட்சை வாங்கி மாட்டுவதும் பெரிய செலவில்லை. பிறகு ஒருமுறை ஸ்டார்ட் பொத்தானை வேண்டுமென்றே அழுத்திப் பார்க்க வேண்டும். ஓடவில்லை என்று கண்ணால் கண்ட பிறகு, பொத்தானைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் கூண்டின் போல்ட்டைக் கழற்ற வேண்டும். இந்தக் கடைசிப் படியை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். தவறான சுவிட்சை அணைத்துவிட்டுச் சரியான பெல்ட்டைக் கழற்றியவர்களும் இருக்கிறார்கள்.

இன்னொன்று. மின்சாரத்தை முழுதாகப் பூட்டிய பிறகும் புளோயர் சுழலலாம். உயரமான புகைபோக்கியின் இயற்கை இழுவையோ, ஒரே குழாயில் இணைந்த பக்கத்துப் புளோயரின் காற்றோ போதும். நின்ற இம்பெல்லர் மெல்லத் திரும்ப ஆரம்பித்துவிடும், சில நேரம் தலைகீழாகவும். மெல்லத்தானே என்று எண்ண வேண்டாம். விரல் சிக்குவதற்கு வேகம் தேவையில்லை. டாம்பரை மூடுங்கள், புல்லியையோ ஷாஃப்ட்டையோ ஒரு கட்டையால் அண்டை கொடுத்து நிறுத்துங்கள். வேலை முடிந்ததும் அந்தக் கட்டையை மறக்காமல் எடுப்பதற்கு, சாவியோடு ஒரு சிவப்புத் துணியைக் கட்டி வைக்கும் பழக்கம் ஒரு மேஸ்திரியிடம் இருந்தது. துணியைப் பார்த்தால் கட்டை நினைவுக்கு வரும்.

எந்த புளோயர்?

பேச்சு வழக்கில் எல்லாமே புளோயர்தான். ஆனால் பட்டறைகளில் பெல்ட்டால் ஓடுவதில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்றைத் தொடங்கும் முறை மற்றதற்கு விஷம்.

முதலாவது நத்தைக்கூடு போன்ற உறைக்குள் சக்கரம் சுழலும் வகை. நடுவில் காற்றை இழுத்து விளிம்பில் வீசும். இதைத் தொடங்கும்போது டாம்பரை மூடி வைப்பது வழக்கம். கேட்டால் வேடிக்கையாக இருக்கும்: வழியை அடைத்தால் பாரம் கூடாதா? கூடாது. காற்று நகராதபோது இந்தச் சக்கரத்துக்கு வேலை குறைவு. ஆகவே மோட்டார் சுலபமாக வேகம் பிடிக்கும். பிறகு டாம்பரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கலாம். பாய்லர் புகையை இழுக்கும் புளோயருக்கு இது மிக அவசியம். 200 டிகிரி சூட்டில் ஓடுவதற்கென்று கணக்கிட்ட புளோயர், விடுமுறைக்குப் பின் முதல் காலையில் இழுப்பது குளிர்ந்த காற்றை. குளிர்ந்த காற்று கனமானது. 200 டிகிரியில் இருப்பதைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அடர்த்தி. டாம்பரை முழுதும் திறந்து வைத்துத் தொடங்கினால் மோட்டாரும் அதே அளவு கூடுதலாகச் சுமக்க வேண்டும். 'நேற்றுவரை நன்றாக ஓடியது, இன்று டிரிப் ஆகிறது' என்ற புகாரில் பாதிக்கு இதுதான் காரணம்.

இரண்டாவது, எட்டு வடிவத்தில் இரண்டு உருளைகள் ஒன்றையொன்று தொடாமல் சுழலும் வகை. 1860ல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர்கள் காப்புரிமை பெற்ற அமைப்பு. இன்று கழிவுநீர்த் தொட்டிகளுக்குக் காற்று ஊதப் பெருமளவில் பயன்படுகிறது. இது காற்றைப் பிடித்துப் பிடித்து முன்னே தள்ளும். தள்ளிய காற்று போக வழி இல்லையென்றால் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். இதை வால்வை மூடித் தொடங்கவே கூடாது. வால்வு திறந்திருக்க வேண்டும், உபரி அழுத்தத்தை விடும் ரிலீஃப் வால்வு இறுகிப் போகாமல் இருக்க வேண்டும், பல்சக்கரப் பெட்டியில் எண்ணெய் கண்ணாடிக் குறி வரை இருக்க வேண்டும். வார்ப்படப் பட்டறையில் பழகிய ஓர் ஆபரேட்டர் கழிவுநீர் நிலையத்துக்கு வேலை மாறிப் போகும்போது, பழைய பழக்கத்தையும் கூடவே எடுத்துப் போகிறார். முதலாளிகள் இதைக் கவனிக்க வேண்டும். ஸ்டார்ட்டர் பெட்டியின் மேல் 'வால்வைத் திறந்து ஓட்டு' அல்லது 'டாம்பரை மூடி ஓட்டு' என்று வங்காளியிலும் இந்தியிலும் பெயிண்டால் எழுதிவிட்டால் வேலை முடிந்தது.

முதல் நாள் காலை

நீண்ட ஓய்வுக்குப் பின் என்னென்ன பார்ப்பது? முதலில் பூஜை மாலைகளைக் கழற்றுங்கள். சிரிக்க வேண்டாம். காற்றை உறிஞ்சும் வாய்க்கு அருகே தொங்கும் ஜரிகைத் தாளும், ஷாஃப்ட்டில் சுற்றிய சாமந்திச் சரமும் உள்ளே போனால் சுற்றிக்கொள்ளும். அவற்றை எடுக்க யாராவது கையை நீட்டுவார்கள். உறிஞ்சும் வாய் திறந்தே இருந்தால் கம்பிவலை போட்டாக வேண்டும். வேட்டி நுனி, புடவைத் தலைப்பு, துப்பட்டா, கழுத்துத் துண்டு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

அடுத்து, மெயினைப் பூட்டிய நிலையிலேயே புல்லியைக் கையால் ஒரு முழுச் சுற்று திருப்பிப் பாருங்கள். உரசுகிறதா, கரகரக்கிறதா, ஓரிடத்தில் மட்டும் இறுகுகிறதா என்பது கைக்குத் தெரியும். உறைக்குள் எலிக்கூடு, மழைநீர், யாரோ மறந்த ஸ்பானர் என்று எதுவும் கிடைக்கலாம். அஸ்திவார போல்ட்டுகள், புல்லியின் சாவி, பேரிங் பெட்டியின் போல்ட்டுகள், இம்பெல்லரை ஷாஃப்ட்டோடு பிணைக்கும் திருகுகள் எல்லாம் இறுக்கமா என்று பாருங்கள். பிறகு கூண்டை மாட்டுங்கள். அதன் பிறகுதான் பூட்டைத் திறக்க வேண்டும். 'ஒரு நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு மாட்டிக்கொள்ளலாம்' என்கிற அந்த ஒரு நிமிடத்தை யாருக்கும் தராதீர்கள்.

விடுமுறையில் மோட்டாரைக் காயில் கட்டக் கொடுத்திருந்தாலோ, மின்வாரியத்தினர் கேபிளை மாற்றியிருந்தாலோ, சுழலும் திசை மாறியிருக்க வாய்ப்பு உண்டு. இங்கேதான் நத்தைக்கூட்டு புளோயர் ஆளை ஏமாற்றும். தலைகீழாகச் சுழன்றாலும் அது அதே வாய் வழியாகத்தான் காற்றை ஊதும்! அளவு மட்டும் குறையும். காற்று வருகிறதே என்று திருப்திப்பட்டு, உலை ஏன் சூடேறவில்லை என்று நாள் முழுக்க நிலக்கரியைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். பொத்தானை ஒரு விநாடி தட்டிவிட்டு, புல்லி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று உறையில் வரைந்த அம்புக்குறியோடு ஒப்பிட்டால் போதும். தவறென்றால் மூன்று ஒயரில் ஏதாவது இரண்டை எலக்ட்ரீஷியன் மாற்றிக் கொடுப்பார். ஏற்கெனவே பின்னோக்கிச் சுழன்றுகொண்டிருக்கும் புளோயரை மட்டும் அப்படியே தொடங்க வேண்டாம்; முதலில் அதை நிற்க வையுங்கள். இல்லாவிட்டால் பெல்ட் அறும்.

தொடங்கும் முன் உரக்கக் குரல் கொடுப்பது பழைய பழக்கம். 'ஹட் ஜாவ்' என்று கத்திவிட்டு, பதில் வருவதற்கு மூச்சு விடும் நேரம் காத்திருப்பார்கள். பொத்தானும் புளோயரும் ஒன்றையொன்று பார்க்காத இடங்களில் இருந்தால் இது இன்னும் அவசியம். ஓடத் தொடங்கியதும் பெல்ட்டின் வரிசையில் நிற்காதீர்கள், பக்கவாட்டில் நில்லுங்கள். அறுந்த பெல்ட் சவுக்கு மாதிரி வரும். ஆம்பியர் மீட்டரின் முள் ஏறி, இறங்கி, மோட்டாரின் பெயர்ப்பலகையில் உள்ள எண்ணுக்குள் அடங்குகிறதா என்று பாருங்கள். டிரிப் ஆனால் உடனே மறுபடி, மறுபடி என்று அழுத்த வேண்டாம். ஒவ்வொரு தொடக்கமும் மோட்டாரைச் சூடாக்கும். மூன்றாவது அழுத்தலில் காயில் கருகும் மணம் வரும்.

கியூபோலாவின் கோபம்

வார்ப்படத் தொழிலில் இருப்பவர்களுக்காக ஒரு தனி எச்சரிக்கை. கியூபோலா என்பது உயரமான உருளை உலை. இரும்பும் கோக் கரியும் சுண்ணாம்புக்கல்லும் அடுக்கடுக்காக மேலிருந்து போடுவார்கள். கீழே சுற்றிலும் உள்ள காற்றுப் பெட்டியிலிருந்து துளைகள் வழியாகப் புளோயர் காற்று உள்ளே போகும். நடுவில் புளோயர் நின்றுவிட்டால், அது மின்வெட்டோ பெல்ட் அறுந்ததோ எதுவானாலும், கோக் கரி கனன்றுகொண்டேதான் இருக்கும். காற்றுப் பற்றாக்குறையில் கார்பன் மோனாக்ஸைடு வாயு உண்டாகி, வந்த வழியே திரும்பிக் காற்றுப் பெட்டிக்குள்ளும் குழாய்க்குள்ளும் புகும். நிறமில்லை, மணமில்லை. காற்றில் 12.5 சதவீதம் முதல் 74 சதவீதம் வரை கலந்திருந்தால் வெடிக்கக்கூடியது. பெல்ட்டை அவசரமாக மாற்றிவிட்டு வெற்றிக் களிப்போடு பொத்தானை அழுத்துகிறவர், அந்த வாயுவோடு புதுக் காற்றைக் கலந்து கனலை நோக்கித் தள்ளுகிறார். காற்றுக் குழாய் பிளந்து, தகடு பறந்த இடங்கள் உண்டு.

ஆகவே புளோயர் நின்ற அந்த நிமிடமே, பெல்ட்டைப் பார்க்க ஓடுவதற்கு முன், காற்றுத் துளைகளின் பார்வை மூடிகளில் இரண்டையாவது திறந்துவிட வேண்டும். உலைக்கு அருகே குழாயில் அடைப்பு இருந்தால் அதை மூட வேண்டும். புளோயர் திரும்ப ஓடத் தொடங்கி, குழாயில் தங்கியதெல்லாம் வெளியேறிய பிறகே மூடிகளை மூடலாம். மூடியைத் திறக்கும்போது முகத்தை நேராக நீட்டக் கூடாது. பக்கத்தில் யாரும் நின்று வேடிக்கை பார்க்கவும் கூடாது. அந்த வாயுவை மூச்சில் இழுத்தால் தலைவலி, மயக்கம், அதற்கு மேலும் ஆகும்.

பெல்ட் என்னும் கறுப்புச் சரடு

ரப்பர் வி-பெல்ட்டை 1917ல் அமெரிக்காவில் டென்வர் நகரத்து ஜான் கேட்ஸ் உருவாக்கியதாகச் சொல்வார்கள். அதற்கு முன் அகலமான தோல் பட்டைதான். நம் பட்டறைகளில் அதிகம் புழங்குவது பி, சி என்ற இரண்டு அளவுகள். மேல் அகலம் முறையே 17, 22 மில்லிமீட்டர். பெயரே சொல்வதுபோல இது பள்ளத்தின் இரு சரிவுகளையும் கவ்விப் பிடித்து இழுக்கிறது. அடிப்பகுதியைத் தொடக் கூடாது. புல்லியின் பள்ளத்து அடி கண்ணாடிபோல் மினுங்கினால் பெல்ட் அடியில் தட்டுகிறது, பள்ளம் தேய்ந்துவிட்டது என்று பொருள். அதில் எத்தனை புதுப் பெல்ட் போட்டாலும் வழுக்கும். மாற்ற வேண்டியது புல்லியை.

மாட்டும் விதத்தில்தான் நம்மவர்களின் கைவண்ணம் தெரியும். மோட்டாரின் சறுக்கு போல்ட்டுகளைத் தளர்த்தி, மோட்டாரை முன்னால் தள்ளி, பெல்ட்டைக் கையால் சுலபமாகப் போட வேண்டும். அதற்குச் சோம்பல்பட்டு, ஒரு கடப்பாரையால் நெம்பி ஏற்றுவார்கள். உள்ளேயிருக்கும் நூல் அறுந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது, பத்து நாளில் பெல்ட் முறுக்கிக்கொள்ளும். அதைவிடக் கொடுமை, பெல்ட்டைப் பாதி ஏற்றிவிட்டு மோட்டாரை ஒரு தட்டுத் தட்டி மீதியை ஏற்றச் சொல்வது. ஒருவன் கையால் பிடித்துக்கொண்டிருக்க, இன்னொருவன் பொத்தான் அருகே. விரல் போவதற்கு இதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

நான்கு பெல்ட் ஓடும் புல்லியில் ஒன்று அறுந்தால் நான்கையும் மாற்றுங்கள். பழையவை நீண்டிருக்கும், புதியது ஒன்றே முழுப் பாரத்தையும் சுமந்து சீக்கிரம் சாகும். இரண்டு புல்லிகளும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று பார்க்க ஒரு நூல் போதும்: இரண்டின் முகத்திலும் இழுத்துப் பிடித்தால் நான்கு விளிம்புகளையும் தொட வேண்டும். விறைப்புக்கு ஒரு கணக்கு உண்டு. இரு புல்லிகளுக்கு நடுவே ஒரு மீட்டர் தூரம் என்றால், நடுவில் அமுக்கினால் ஏறக்குறைய 16 மில்லிமீட்டர் தாழ வேண்டும். அமுக்கும் பலம் எவ்வளவு என்பது பெல்ட் கம்பெனியின் அட்டவணையில் இருக்கும். வீணைத் தந்தி மாதிரி இறுக்கி வைப்பது பேரிங்கைக் கொல்லும். தொளதொளவென்று விட்டால் தொடங்கும்போது கீச்சிடும், சூடேறும், கூண்டுக்கு அடியில் கறுப்புத் தூள் கொட்டும். புதுப் பெல்ட் முதல் ஒன்றிரண்டு நாளில் தளரும். 24 முதல் 48 மணி நேர ஓட்டத்துக்குப் பின் மறுபடி பார்த்தே ஆக வேண்டும். கீச்சிடும் பெல்ட்டுக்குப் பிசின், மெழுகு, பிளாக் சோப் என்று தடவும் வைத்தியம் வேண்டாம். அதுவும் ஓடும்போது தடவும் வீரர்களைக் கண்டால் அன்றைக்கே வேலையை மாற்றிக் கொடுங்கள்.

காற்றுப் போதவில்லை என்று மோட்டார் புல்லியை மாற்றிப் போடும் பழக்கமும் இருக்கிறது. 1440 சுற்று மோட்டாரில் 8 அங்குலப் புல்லி, புளோயரில் 10 அங்குலம் என்றால் புளோயர் 1152 சுற்று ஓடும். எட்டை ஒன்பதாக்கினால் 1296. காற்று எட்டில் ஒரு பங்குதான் கூடும். ஆனால் மோட்டார் மேல் விழும் பாரம் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 10 குதிரைசக்தி எடுத்த இடத்தில் 14க்கு மேல் கேட்கும். மோட்டார் எரிந்தால் நஷ்டம் பணத்தோடு போயிற்று. இம்பெல்லரின் தகடும் பற்றவைப்பும் தாங்கும் வேகத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது; அதைத் தாண்டினால் சக்கரமே சிதறும். தயாரித்தவரிடம் கேட்காமல் புல்லியில் கை வைப்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

பேரிங் விஷயத்தில் நம்மவர்களின் அன்பு அளவு கடந்தது. கிரீஸைப் பெட்டி நிறைய அடைப்பார்கள். பெட்டியின் காலி இடத்தில் மூன்றில் ஒரு பங்கு, மிஞ்சினால் பாதி போதும். அதற்கு மேல் போனால் கிரீஸே கடைபட்டுச் சூடாகும். திடீரென்று அதிர்வு கூடினால் இம்பெல்லரில் படிந்த தூசி ஒரு பக்கம் மட்டும் பெயர்ந்து விழுந்திருக்கும். உறைக் கதவைத் திறந்து சுரண்டும் முன் மேலே சொன்ன அதே பூட்டு, அதே சாவி. ஓடும்போது அந்தக் கதவின் போல்ட்டைத் தளர்த்தினால், இழுக்கும் பக்கத்தில் கையோடு உள்ளே இழுக்கும். ஊதும் பக்கத்தில் சூட்டுத் தூளை முகத்தில் அடிக்கும். அதிர்வை அளக்கும் சிறு கருவி கையில் இருந்தால், உறுதியான அஸ்திவாரத்தில் நிற்கும் சாதாரண ஆலை புளோயர்களுக்கு விநாடிக்கு 4.5 மில்லிமீட்டருக்குள் தொடங்குவது நல்லது. 7ஐத் தாண்டினால் கவலைப்பட வேண்டும். 9ஐ எட்டினால் நிறுத்திவிட வேண்டும்.

சட்டம் இதையெல்லாம் எப்போதோ யோசித்துவிட்டது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 21வது பிரிவில் சுழலும் உறுப்புகளுக்கு உறுதியான தடுப்புப் போடச் சொன்னது. ஓடும்போது அது அதன் இடத்தில் இருந்தாக வேண்டும் என்றது. 22வது பிரிவில், ஓடும் யந்திரத்தின் அருகே வேலை செய்ய வேண்டியிருந்தால், பயிற்சி பெற்று, பதிவேட்டில் பெயர் ஏறிய ஆளே போகலாம், அதுவும் உடலோடு ஒட்டிய உடையில் என்றது. அந்த உடையை முதலாளிதான் கொடுக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தது. தொழிலாளர் பாதுகாப்புக்கென்று புதிய சட்டத்தொகுப்பை நாடாளுமன்றம் 2020ல் நிறைவேற்றியது. ஆனால் பட்டறையில் கூண்டைக் கழற்றி மூலையில் சாய்த்து வைப்பவருக்கு இரண்டும் ஒன்றே. பெரும்பாலும் அவர் கெட்டவரல்ல. கூண்டு கழற்ற எட்டு போல்ட், பெல்ட்டைப் பார்க்க ஐந்து நிமிடம், மறுபடி மாட்ட நேரமில்லை. எனவே கூண்டைக் கம்பிவலையால் செய்யுங்கள், கழற்றாமலே பெல்ட் தெரியும். சுற்று வேகம் அளக்க ஷாஃப்ட் நுனிக்கு நேராக, விரல் எட்டாத அளவில் சிறு துளை விடுங்கள். கிரீஸ் போடும் முனையைக் குழாய் வைத்து வெளியே கொண்டுவாருங்கள். கூண்டின் பின்பக்கத்தையும் மூடுங்கள். சுவரோரம்தானே என்று திறந்து விடும் அந்தப் பக்கத்தில்தான் பெருக்குகிறவரின் கை போகிறது.

கடைசியாக ஒரு நோட்டுப் புத்தகம். தேதி, ஆம்பியர், இரண்டு பேரிங்குகளின் சூடு, பெல்ட் மாற்றிய நாள், மாற்றியவர் பெயர், இவ்வளவு போதும். முதல் நாள் எண்ணை எழுதி வைத்தால்தான் மூன்றாவது மாதத்து எண்ணுக்கு அர்த்தம் கிடைக்கும். நோட்டை ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் செருகி வைக்காதீர்கள். ஓரிடத்தில் அப்படிச் செருகிய நோட்டின் அட்டை கான்டாக்டருக்கு நடுவில் மாட்டி, ஸ்டாப் பொத்தானை அழுத்தியும் மோட்டார் நிற்காமல் ஓடியது. ஆணி அடித்து, கயிற்றில் கட்டி, வெளியே தொங்கவிடுங்கள். கூடவே ஒரு பென்சிலையும்.